நூற்றியெட்டுச் சுற்றும் இரண்டு புள்ளியும்

1

ஐம்பத்திரண்டு வயதில் கையும் களவுமாகப் பிடிபட்டேன். களவென்று பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்காவில் நான் குடியிருக்கும் சிற்றூரின் கல்லூரிக் கூடைப்பந்து அரங்கில், ஆட்டம் தொடங்க அரைமணி நேரம் இருக்கையில், கம்பத்தடியில் குனிந்து சங்கரன்கோவில் புற்றுமண்ணை ஒரு சிட்டிகை தூவினேன். யாரும் இல்லையே என்று இடமும் வலமும் பார்த்துக்கொண்டுதான் தூவினேன். மேலே பார்க்கவில்லை. கேமரா மேலேதான் இருந்தது.

அந்தக் காட்சியை எனக்கே போட்டுக் காட்டினார்கள். வழுக்கைத் தலையோடு ஒருவன் பூனை மாதிரி நடந்து வருகிறான், சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுக்கிறான், குனிகிறான், நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். அவனைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கே சந்தேகம் வந்தது.

சந்தேகப்படுவது என் தொழில். மென்பொருள் சோதிக்கிறவன் நான். பிறர் எழுதிய நிரலில் எங்காவது பிழை இருந்தே தீரும் என்று நினைப்பதற்காகப் பதினெட்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். அலுவலகத்தோடு அது நிற்பதில்லை. கடைக்காரன் சிரித்தால் சில்லறையைச் சரிபார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் தானாக முன்வந்து என் வாசல் பனியை அள்ளிப்போட்டால், அவருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று இரண்டு நாள் யோசிப்பேன். "உங்களுக்கு வேற சோலியே கெடையாதா?" என்று என் மனைவி தங்கம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். அப்படிப்பட்ட நான் சந்தேகமே இல்லாமல் நம்பிய ஒரே விஷயம் இந்தக் கல்லூரி அணி. அதுதான் இந்தக் குறிப்புகளின் வெட்கக்கேடு.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை வீட்டு ஹீட்டர் நின்றுபோனது. சூடான இடம் தேடிப் போன இடம்தான் அந்த அரங்கு. உள்ளே ஒரு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆடுகிறவர்களின் பெற்றோர், தூங்குவதற்கென்றே வந்த ஒரு கிழவர், நான். அவ்வளவுதான் கூட்டம். அணியின் சின்னம் மரங்கொத்தி. பெயர் வைத்தவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். பலகையைக் கொத்திக்கொண்டே இருப்பார்கள். பந்து மட்டும் வலைக்குள் இறங்காது. அன்று ஒரு நெட்டைப் பையன் யாரும் தடுக்காத நேர்வீச்சு இரண்டையும் தவறவிட்டான். தவறவிட்டபின் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், ஏதோ கையில்தான் எழுதியிருக்கிறது என்பது போல. சங்கரன்கோவிலில் என் கல்லூரி அணித்தலைவன் சங்கரபாண்டியும் அப்படித்தான் பார்ப்பான். அன்று தொடங்கியது. அதன்பின் உள்ளூரில் நடந்த ஒரு ஆட்டத்தையும் நான் விடவில்லை. அவர்களும் தோல்வியை அநேகமாக விடவில்லை.

2

விளையாட்டு அலுவலகத்தைக் கவனிப்பவர் லிண்டா என்ற அம்மாள். அறுபதை நெருங்கும் வயது. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். அவர் அறைக்குத்தான் என்னை அழைத்துப் போனார்கள். (அங்கே நடந்த பேச்சைத் தமிழாக்கித் தருகிறேன். நான் அன்று பேசிய ஆங்கிலமும் கிட்டத்தட்ட இதே தமிழாகத்தான் இருந்தது.)

"இது என்ன?" என்றார். மேசைமேல் என் பொட்டலம்.

இதற்கு நேராகப் பதில் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. போன ஆடியில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது விமான நிலையப் படிவத்தில் "மண், விதை, செடி ஏதேனும் கொண்டுவருகிறீர்களா?" என்று கேட்டிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். கடைசியில், பொட்டலத்தில் இருப்பது மண் அல்ல, பிரசாதம் என்று முடிவு செய்தேன். பிரசாதத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகவே நிம்மதியாக "இல்லை" என்று குறித்தேன். எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்; பின்னால் தேவைப்படும்.

"பிரசாதம்" என்றேன் லிண்டாவிடம்.

"அப்படியென்றால்?"

"கோயிலில் கொடுப்பது."

"தின்பதா?"

"சிலர் தண்ணீரில் கலந்து குடிப்பார்கள். சிலர் உடம்பில் பூசிக்கொள்வார்கள்."

"நீங்கள் இரண்டும் செய்யவில்லை. எங்கள் வீரர்கள் ஓடும் தரையில் போட்டிருக்கிறீர்கள்."

அந்த வாக்கியம் போகும் திசை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தரையில் தூள் கிடந்தால் ஓடுகிறவன் வழுக்குவான். வழுக்கினால் தோற்பான். ஒருவன் பல வருடமாக, தோற்கிற அணியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியாக வருகிறான். நோட்டில் ஏதோ எழுதுகிறான். தரையில் தூள் போடுகிறான்.

"எங்கள் பையன்கள் ஏன் தோற்கிறார்கள் என்று நாங்களும் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறோம்" என்றார் லிண்டா. அவர் குரலில் கோபம் இல்லை. கண்டுபிடித்துவிட்ட திருப்தி இருந்தது.

"அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் போட்டேன்."

"இந்த ஆட்டங்கள்மேல் பந்தயம் கட்டுகிறீர்களா?"

"இந்த அணிமேல் யார் அம்மா பந்தயம் கட்டுவார்கள்?"

"எதிரணிமேல் கட்டலாமே."

இத்தனை வருடம் சந்தேகப்பட்டுப் பிழைத்தவனுக்கு அந்தக் கோணம் ஒருதரம்கூடத் தோன்றியதில்லை.

பிறகு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் பழைய முறையில் எழுதி வைத்திருக்கும் நோட்டு. எல்லாம் தமிழில். செல்போனை அதன்மேல் காட்டி மொழிபெயர்க்கப் பார்த்திருக்கிறார்கள். நேர்வீச்சைத் தவறவிட்டவன் பெயருக்குப் பக்கத்தில் "கரிமுடிவான்" என்று எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்தில் பிரியமானவனை வைவதற்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. செல்போன் அதை "கரி தீரும் நேரம்" என்று ஆக்கியிருந்தது. அது சங்கேதச் சொல்லாக இருக்குமோ என்று லிண்டா கேட்டார்.

கடைசியில் என் மகளைக் கூப்பிட்டார்கள்.

கோமதி அதே கல்லூரியில் மூன்றாம் வருடம் புள்ளியியல் படிக்கிறாள். அந்த அரங்கில் ஆட்டக்குறிப்பு எழுதும் மேசையில் உட்காருவதும் அவள்தான்: யார் எத்தனை புள்ளி, யார் தவறு செய்தார் என்று அதிகாரபூர்வமாக எழுதுகிறவள். லிண்டா நோட்டை அவளிடம் நீட்டினார். ஏழு வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பிய பலனை அன்று கண்டேன்.

"ச... ங்... க... ர... பா... ண்... டி" என்று வாசித்தாள். "இது ஒரு பெயர்."

"எங்கள் அணியில் அந்தப் பெயரில் யாரும் இல்லையே" என்றார் லிண்டா.

"பதினோராம் எண் சட்டைக்காரர்" என்றேன்.

"அவர் பெயர் டைலர்."

"எனக்கு அவர் சங்கரபாண்டி."

கோமதி என்னைப் பார்த்தாள். என்னைப் பற்றிய ஒரு புதுத் தகவலைக் குறித்துக்கொள்வது போலிருந்தது அந்தப் பார்வை. ஒன்பது வருடமாக வந்துபோன பையன்கள் எல்லாருக்கும் நான் சங்கரன்கோவில் பெயர்தான் வைத்திருந்தேன். நேர்வீச்சைத் தவறவிடுகிறவன் எவனானாலும் அவன் சங்கரபாண்டி. இதை ஆங்கிலத்தில் விளக்கினேன். விளக்க விளக்க, நான் ஒரு கும்பலில் சேர்ந்தவன் என்பது உறுதியாகிக்கொண்டே போனது.

முடிவாக லிண்டா நோட்டைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "இந்தமுறை விட்டுவிடுகிறேன். மேல்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். தூள் கூடாது. ஆட்டத்தின்போது மேசைப்பக்கம் வரக்கூடாது. உங்கள்மேல் இன்னொரு புகார் வந்தால் உங்களுக்கு இந்த அரங்கில் இடம் இல்லை. உங்கள் மகளுக்கும் அந்த மேசையில் இடம் இல்லை. பந்தயக்காரர் என்று சந்தேகம் உள்ளவரின் பெண் கையில் நான் ஆட்டக்குறிப்பைக் கொடுக்க முடியாது."

காரில் கோமதி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அப்பா, நான் ரெண்டு வருஷம் அந்தத் தரையைத் துடைச்சேன். வேர்வை விழுந்தா ஓடிப்போய்த் துடைக்கிற வேலை. அப்புறம்தான் அந்த நாற்காலி குடுத்தாங்க. தயவுசெய்து அதைக் கெடுத்துடாதீங்க."

"தயவுசெய்து" என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் பேச்சில் உபயோகித்ததில்லை. தமிழ் வகுப்பில் படித்ததை அவள் இந்த நாளுக்காகவே பத்திரப்படுத்தி வைத்திருந்தாள் என்று தோன்றியது.

3

சங்கரன்கோவிலை அடுத்து நான் படித்த கல்லூரியில் ஒரு கூடைப்பந்து அணி இருந்தது என்றால், என்கூடப் படித்தவர்களே நம்ப மாட்டார்கள். நம்பும்படியாக அந்த அணி எதுவும் செய்ததில்லை.

கரிசல்மேல் போட்ட சிமெண்டுத் தளம். கோடையில் கரிசல் வெடிக்கும். கூடவே தளமும் வெடிக்கும். வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட இரண்டு விரல் தாழ்ந்திருக்கும். எந்த விரிசலில் பந்து பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்பது எங்கள் பையன்களுக்கு அத்துப்படி. வெளியூர் அணிகளுக்குத் தெரியாது. அந்த ஒரு அனுகூலம் இருந்தும் தோற்றோம். இடைவேளையில் புளியங்குடி எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி உப்பைத் தொட்டுச் சப்புவோம். சங்கரபாண்டியின் அப்பாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. கழித்துப்போட்ட பழம் எல்லாம் எங்களுக்கு வரும். கழித்துப்போட்டவர்களுக்குக் கழித்துப்போட்டது என்று பி.டி. சார் சொல்வார்.

நானும் ஆடத்தான் போனேன். மூன்றாம் நாள் பந்து மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. அதன்பின் பி.டி. சார் என்னைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்தார். பொழுது போகப் பயிற்சி ஆட்டத்துப் புள்ளிகளைத் தாளில் குறித்துக்கொண்டிருப்பேன். ஸ்கோர் எழுத ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது சங்கரபாண்டிதான் சொன்னான்: "சார், இவன எழுத வைங்க. இவன நம்பலாம்."

அந்தச் சொல்லை இன்றும் நினைத்துக்கொள்வேன். நான் ஒரு வேலைக்கு லாயக்கானவன் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. பின்னும் அதிகம் பேர் சொல்லவில்லை. அப்பழுக்கில்லாத ஆள் என்றுதான் என்னைப் பொறுக்கியிருக்கிறார்கள் என்று புளகாங்கிதம் அடைந்து, ரெக்கார்டு நோட்டு மாதிரி நாலு பக்கமும் கோடுபோட்டு எழுதினேன். பெரும்பாலும் எதிரணியின் புள்ளிகளைத்தான்.

மூன்றாம் வருடம் ஆடி மாதம். ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. கோயிலைச் சுற்றி ஆடிச்சுற்று சுற்றுகிறவர்கள் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவார்கள். அந்த நாளில் தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்று எங்களோடு ஆட வந்தது. ஜெயித்தால் நூற்றியெட்டுச் சுற்று சுற்றுகிறேன் என்று நான் நேர்ந்துகொண்டேன். சங்கரபாண்டி புற்றுமண் வாங்கிவந்து கம்பத்தடியில் போட்டான்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் நாற்பத்தேழு, அவர்கள் நாற்பத்தாறு. நான் படித்த மூன்று வருடத்தில் அணி கண்ட ஒரே வெற்றி. பி.டி. சார் என் தாளை வாங்கி மூன்றுமுறை கூட்டிப் பார்த்தார். அவருக்கும் நம்பிக்கை இல்லை. எதிரணி வாத்தியார் தாளைக் காட்டு என்று வந்தார். புளியங்குடி வழியாகப் போகிற தென்காசி பஸ் வந்துவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் அதை விட்டால் இடம் கிடைக்காது. முனகிக்கொண்டே போய்விட்டார்.

நான் நேர்த்திக்கடனைச் செலுத்தினேன். எண்ணிக்கை தப்பாமல் இருக்க நூற்றியெட்டுப் புளியங்கொட்டையை இடது பையில் போட்டுக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாக வலது பைக்கு மாற்றினேன். இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் நாற்பதாவது சுற்றிலோ என்னவோ ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் சங்கரபாண்டி சற்றுத் தள்ளி நின்று எறிந்த ஒரு பந்து கூடையின் வளையத்தில் ஏறி, தேர் மாதிரி அசைந்து அசைந்து சுற்றியது. அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. நான் பறக்கப்போன தாளைப் பிடித்தேன். அந்தப் பந்து உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா? நான் இரண்டு என்று எழுதியது விழுந்தபின்பா, முன்பா?

அதை யாரிடமும் கேட்கவில்லை. தாள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். சந்தேகம் மட்டும் என்னோடு விமானம் ஏறி வந்தது. அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

4

லிண்டாவின் எச்சரிக்கைக்குப் பிறகு இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தேன். மேல்வரிசையில், தூங்குகிற கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்கூட என்னைக் கண்காணிக்க வைக்கப்பட்டவரோ, தூக்கம் பாவனையோ என்று பட்டது. ஒருநாள் குறட்டையைக் கூர்ந்து கவனித்தேன். உண்மையான குறட்டைதான்.

இதற்கிடையில் சங்கரபாண்டி போன் செய்தான். இப்போது புளியங்குடிக் கமிஷன் கடை அவன் பொறுப்பில். புற்றுமண் பொட்டலத்தைக் கொடுத்ததே அவன்தான்.

"ஏலே, மண்ணப் போட்டியா?"

"போட்டேன். பிடிச்சிட்டானுவ."

"பிடிச்சா பிடிக்கட்டும். ஜெயிச்சியளா?"

"இல்ல."

கொஞ்சம் யோசித்தான். "எந்தக் கம்பத்துல போட்ட?"

"நம்மாளுவ பந்து போடுத கம்பத்துல."

"பாதி ஆட்டத்துல பக்கம் மாறுவானுவல்லா?"

"மாறுவானுவ."

"அப்ப மிச்சப் பாதிக்கு மண்ணு அவனுவளுக்குல்ல வேல செஞ்சிருக்கும். நாங்க அன்னைக்கி எலுமிச்சம்பழம் திங்கும்போது மண்ண வாரி அடுத்த கம்பத்துக்குக் கொண்டு போனோம். நீ பாக்கலியா? மூணு வருஷம் பக்கத்துல இருந்து என்னத்தல பாத்த?"

லிண்டா சொன்னது ஒருவகையில் சரிதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

5

பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம் ஒரு சனிக்கிழமை மதியம். வழக்கத்துக்கு மாறாக மரங்கொத்திகள் விட்டுக்கொடுக்காமல் ஆடினார்கள். இது எனக்குச் சந்தேகமாக இருந்தது. எதிரணிக்கு வயிற்றுக்கு முடியவில்லையோ என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதியின் நடுவில் டைலர், அதாவது சங்கரபாண்டி, மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று எறிந்த பந்து வளையத்தில் ஏறிச் சுற்றியது. நோட்டில் "சங்கரபாண்டி 2" என்று எழுதினேன். நிமிர்ந்தபோது ஆட்டம் மறுமுனைக்குப் போயிருந்தது. சுவரில் இருந்த மின்பலகையைப் பார்த்தேன். எண் மாறவில்லை.

ஒரு சோதனையாளனுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. பிழை கிடைத்துவிட்டது. சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. பலகையில் எண்ணை மாற்றுவது யார் சொல்லி? மேசையில் இருக்கிற என் மகள் சொல்லி. அப்படியானால் பிழை அவளுடையது. நான் போய்ச் சொன்னால், மேசைப்பக்கம் வந்த குற்றம் எனக்கு, எழுதத் தவறிய குற்றம் அவளுக்கு. நாற்காலி போய்விடும். சொல்லாவிட்டால் பையன்களுக்கு நியாயமாகச் சேரவேண்டிய இரண்டு புள்ளி போய்விடும்.

பெரிய வித்தியாசத்தில் தோற்றால் இந்த இரண்டு புள்ளியால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆகவே, ஒன்பது வருடத்தில் முதன்முறையாக, அவர்கள் நன்றாகத் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் வேண்டுதல் எதற்கு இவர்கள் என்றைக்குச் செவிசாய்த்தார்கள்?

மணி அடித்தபோது பலகையில் அவர்கள் அறுபது, நாங்கள் ஐம்பத்தொன்பது. என் நோட்டில் நாங்கள் அறுபத்தொன்று.

டைலர் நடுக்கோட்டில் நின்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவர்கள் அரங்கை விட்டுப் போவதற்குள் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு எதையும் திருத்த முடியாது. நான் எழுந்துவிட்டேன். படிகளில் இறங்கும்போது, இது நியாயத்துக்காக, மகள் என்றும் பார்க்கக்கூடாது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் என்னைப் பார்த்து எனக்கே மதிப்பு ஏற்பட்டது. கூட்டத்திலிருந்து லிண்டா என்னை நோக்கி நடந்துவருவதையும் பார்த்தேன்.

கோமதி தலை நிமிர்ந்து, முதலில் என்னை, பிறகு எனக்குப் பின்னால் வந்த லிண்டாவைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அப்பா, போங்க" என்றாள் மெதுவாக.

"ரெண்டு புள்ளி விட்டுப்போச்சு, கோமதி." நோட்டை விரித்துக் காட்டினேன்.

"என்ன சொல்கிறார்?" என்றார் லிண்டா.

கோமதி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அப்பா வீட்டுச் சாவியைக் கேட்கிறார் என்று சொன்னால் போதும். தமிழ் தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. அவள் அப்படிச் சொல்லவில்லை. "நான் ஒரு கூடையை எழுதாமல் விட்டுவிட்டேன் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் அப்படியே சொன்னாள். பிறகு நடுவரைக் கையசைத்து நிறுத்தினாள். மேசைமேல் இருந்த டேப்லெட்டில் அந்த நிமிஷத்தைத் தேடி எடுத்து எல்லாரும் பார்க்கும்படி வைத்தாள்.

பந்து வளையத்தில் ஏறியது. ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் சற்றுத் தயங்கி, வெளிப்பக்கமாக விழுந்தது.

"உள்ளே போகலை அப்பா" என்றாள் கோமதி.

படத்தை அவள் திரும்ப ஓட்டினாள். இரண்டாம்முறை நான் பந்தைப் பார்க்கவில்லை. படத்தின் மூலையில் மேல்வரிசை தெரிந்தது. கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வழுக்கைத் தலை ஒன்று. பந்து வளையத்தில் முதல் சுற்றுச் சுற்றும்போதே அந்தத் தலை குனிந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தடவையாக அந்த அரங்கின் கேமரா என்னைப் பிடித்தது.

நடுவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். லிண்டா அந்த மூலையையே கண்ணாடிக்கு மேலாகச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயக்காரன் எவனும் தோற்கிறவனுக்கு இரண்டு புள்ளியைக் கூட்டி எழுதி, அதையும் எடுத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் வந்து நிற்கமாட்டான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"சொந்த அப்பாவுக்கே இரண்டு புள்ளி தரமாட்டாள் இந்தப் பெண்" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "அடுத்த வருடமும் இவளே உட்காரட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் வரலாம். எழுதாமல்" என்றார்.

வீடு வருமுன் கோமதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, புள்ளியியல் படிக்கிறவள் கேட்பது போலக் கேட்டாள்.

"அப்பா, நீங்க எப்பவுமே இப்படித்தான் எழுதுவீங்களா?"

6

மறுநாள் ஞாயிறு. எனக்குக் காலை, சங்கரபாண்டிக்கு மாலை. கடையில் பழம் கொட்டுகிற சத்தம் போனில் கேட்டது. கிட்டத்தட்ட முப்பது வருடம் உள்ளே வைத்திருந்ததைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். தங்கம் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்தாள்.

"சங்கரபாண்டி, ஒரு விசயம். தபசு சமயத்துல நாம ஜெயிச்சோம்லா, நாப்பத்தேழு நாப்பத்தாறு. அது நாம ஜெயிக்கல."

"என்னல சொல்லுத?"

"கடைசியில நீ எறிஞ்ச பந்து வெளிய விழுந்துட்டு. நான் முந்தியே ரெண்டுன்னு எழுதிட்டேன். பொறவு அத அடிக்கவும் இல்ல. எனக்கு நேத்துதான் உறுதியாத் தெரிஞ்சுது."

வருத்தப்படுகிறான் என்று நினைத்தேன். அவன் வாழ்நாளில் ஜெயித்த ஒரே ஆட்டம். இத்தனை வருடம் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருப்பான். என்ன ஆறுதல் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அவன் யாரிடமோ, "அந்தப் பெட்டிய அங்கன வைய்யி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

"ஏலே, எறிஞ்சவன் நானு. உள்ள விழுந்துதா வெளிய விழுந்துதான்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னைக்கே தெரியுமா?"

"டீமுக்கே தெரியும். பந்து வளையத்துல ஏறுமுந்தி நீ எழுதிருவ. பிராக்டீஸ்லயே பாத்தோம்லா. வேற எதுக்கு ஒன்னய எழுத வைங்கன்னு சார்ட்ட சொன்னேன்னு நெனச்ச?"

"நம்பலாம்னுல்லா சொன்ன."

"ஆமா. நம்பித்தாம்ல சொன்னேன்."

போனைக் காதிலிருந்து சற்று விலக்கி வைத்துக்கொண்டேன். தங்கத்துக்கு எல்லாம் கேட்டுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூணு வருசமும் நீ கூட்டிக் கூட்டித்தான் எழுதுன. அப்படியும் நாங்க தோத்தோம் பாத்தியா, அதுக்கு என்ன சொல்லுத?" என்றான் சங்கரபாண்டி. அவன் குரலில் பழைய தோல்விகளைப் பற்றிய ஒரு பெருமைகூட இருந்தது.

பேசிப் பயனில்லை என்று தெரிந்தும், எனக்கு மிச்சமிருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

"அது சரி. ஜெயிச்சோம்னு நம்பி நான் நூத்தியெட்டுச் சுத்து சுத்துனேனே. ரெண்டு நாளு, அந்தக் கூட்டத்துல. அது பொய்யில்லலா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். பழத்தைத் தரம் பிரிக்கும்போது அப்படித்தான் யோசிப்பான்.

"அத யாரு எண்ணுனா?"

"நான்தான். புளியங்கொட்ட வச்சு."

"அப்ப அதுலயும் ரெண்டு கொறையும்" என்றான்.